டேப்பட் சத்தம்

செவ்வாய்க்கிழமை என்றால் கருங்கல் வழி கடற்கரை.
வண்டி குருசடி வரைக்கும்தான் போகும்.
அப்புறம் வலை, கயிறு, உப்பில் உரிந்த சுவர்கள்,
ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து.
அஜிதா சிஸ்டர் பெட்டியோடு நடப்பாள்.
நான் டிரைவர்.
வண்டிப் பக்கத்தில் நிற்பது என் வேலை.

அன்றைக்குக் கட்டிலைத் திருப்பிப் போட ஆள் இல்லாமல்
என்னையும் கூப்பிட்டாள்.
கட்டிலில் யாரும் இல்லை.
பிளாஸ்டிக் நாற்காலியில்
தலையணையைக் கட்டிப்பிடித்து
மேசையில் நெற்றியை வைத்திருந்தார் ததேயு.
மூன்று மாதமாக அப்படித்தானாம்.
நுரையீரலில் தொடங்கியது
முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது.
சாய்ந்தால் கத்துவார்,
போர்வை பட்டால் கத்துவார்,
பிறகு கத்துவதும் நின்றுபோச்சு என்றாள் ஜெசிந்தாள்.
பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது ஆறுதல்.

இனையத்திலிருந்து கருங்கல்,
கருங்கலிலிருந்து மார்த்தாண்டம்,
அப்புறம் களியக்காவிளை,
எல்லை தாண்டி இன்னொரு பஸ்.
வரிசை முடிகிற இடத்தில்
நோயாளி எங்கே என்று கேட்டார்களாம்.
நாற்காலியில் என்று சொன்னாளாம்.

ஊர் மருந்துக்கடையில்
மார்ஃபின் என்றதும் கடைக்காரன் வாசலைப் பார்த்தான்.
லைசென்ஸ் இல்லை, கேஸ் ஆயிரும்.
கொழுந்தன் சொன்னான், அது போதை,
பழகிப்போனா விடமுடியாது.
"எத்தற நாளு பழகுவாரு?"
என்று அவனிடம் கேட்டிருக்கிறாள்.
அவன் பதில் சொல்லாமல் கடலுக்குப் போனான்.

சிஸ்டர் மாத்திரையை எண்ணினாள்.
நாலு மணிக்கூருக்கு ஒருக்க,
உறங்கப் போகும்போது இரண்டு.
வலி வரட்டும் என்று காத்திருக்காதே,
மணியைப் பார்த்துக் கொடு.
வயிறு இளக வேறொன்று, அதையும் மறக்காதே.
ரிஜிஸ்டரில் ஒரு கையெழுத்து,
காலி அட்டை திரும்ப வேண்டும்.
ஜெசிந்தாள் போனில் அலாரம் வைத்தாள்.
ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து.
ஜெபமாலை உருட்டுகிற விரல்.

அடுத்த செவ்வாய்
குருசடியில் இன்னும் சாவியை உருவவில்லை,
ஒரு பையன் ஓடிவந்தான்:
"டிரைவரை அப்பா விளிக்காரு."

மல்லாந்து படுத்திருந்தார்.
யாரோ சவரம் பண்ணிவிட்டிருந்தார்கள்.
போன வாரம் நான் பார்த்தது
இவர் முகமே இல்லை.
"வண்டி ஒனக்கதா?"
"டிரஸ்டுக்க வண்டி."
"டேப்பட் லூசு. போன வாரமும் இப்பிடித்தான் வந்துச்சா?"
"ஆமா."
"எனக்குக் கேக்கல்ல."

வெளியே வந்தபிறகு ஜெசிந்தாள் சொன்னாள்,
முப்பது வருஷம் வள்ளத்து இஞ்சின் மெக்கானிக்.
இருட்டில் கரையில் நின்று
வருகிறது யாருடைய வள்ளம் என்று
சத்தத்தை வைத்துச் சொல்லுவாராம்.

அதற்கப்புறம் எல்லா வாரமும் எனக்கு வசவு.
"இன்னும் பாக்கலியாடே? வால்வு கரிஞ்சு போவும்."
"பாக்கேன்."
"மலையேறும்போ இழுக்காது, கேட்டியா?"
காலைப் பற்றிப் பேசமாட்டார்.
கால் மரத்துப்போயிருந்தது.
மாத்திரையைக் கூட்டினார்கள்.
ஒருநாள் மீன்குழம்பு கேட்டு
இரண்டு வாய் சாப்பிட்டு
புளி கூடிப்போச்சு என்று சண்டை போட்டாராம்.
சிஸ்டர் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஆறாவது செவ்வாய் நாற்காலி மட்டும் இருந்தது,
அதில் துணி மடித்து வைத்திருந்தார்கள்.
ஜெசிந்தாள் பதினேழு மாத்திரையை மேசையில் கொட்டினாள்.
சிஸ்டர் எண்ணினாள். அவளும் எண்ணினாள்.
ரிஜிஸ்டரில் கோடு.
பத்து மணிக்கு அலாரம் அடித்தது,
அணைக்க யாருக்கும் கை போகவில்லை.

திரும்பும்போது கருங்கலில் வண்டியை விட்டேன்.
மெக்கானிக் காதைச் சாய்த்துக் கேட்டான்,
டேப்பட் என்றான்.
தெரியும் என்றேன்.

அங்கேயே போன் வந்தது.
ஆறுகாணிக்கு மேலே, ரப்பர் வெட்டுகிறவர்,
நாக்கில். தண்ணீர்கூட இறங்கவில்லையாம்.
பேசியது மனைவி.
ரோடு பாதியில் தீர்ந்துபோகும்,
பிறகு பாறைதான், என்றாள்.
"ஒங்க வண்டி இங்க ஏறுமா?"

ஏறும் என்று சொல்லிவிட்டேன்.